சம்பளம் சமமாக இருந்தும் டிரேட் ஏன் நடக்காது?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒரு முறை சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். 2025 கோடையில், அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் பாஸ்டன் செல்டிக்ஸ் மேலாளர் இருக்கையில் உங்களை வைத்து ஒரு டிரேட், அதாவது அணிகளுக்கிடையே ஒரு வீரர் மாற்றம், யோசித்தீர்கள். கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ், சாம் ஹவுஸர் இருவரையும் கொடுத்துவிட்டு, நாலு கோடி டாலருக்குச் சற்று மேல் சம்பளம் வாங்கும் ஒரு நல்ல சென்டரை (கூடைக்கு அருகே ஆடும் உயரமான வீரரை) எடுப்பது. போகிற சம்பளமும் வருகிற சம்பளமும் ஏறக்குறைய சமம். ஆனால் நண்பர்கள் "விதிப்படியே இது நடக்காது" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார்கள். கூடவே, செல்டிக்ஸ் நிஜத்தில் செய்ததும் உங்களுக்குப் புரியவில்லை. ஜ்ரூ ஹாலிடேயைக் கொடுத்து போர்ட்லாண்டிடம் இருந்து ஆன்ஃபர்னி சைமன்ஸை மட்டும் வாங்கினார்கள். போர்சிங்கிஸுக்குப் பதிலாக ஜார்ஜ் நியாங்கும் ஒரு இரண்டாம் சுற்று டிராஃப்ட் பிக்கும் (புது வீரர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) வந்தன. 2024இல் கோப்பை வென்ற அணி இவ்வளவு மலிவாகவா ஆட்களை விடும் என்பது உங்கள் கேள்வி.

இவை இரண்டு கேள்வி மாதிரி தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். ஒரு வீரரின் சம்பளம் என்று இணையத்தில் நீங்கள் பார்க்கும் எண் எல்லா அணிக்கும் ஒரே எண்தான். ஆனால் அந்தச் சம்பளத்தால் அணிக்கு ஆகும் செலவு அணிக்கு அணி மாறும். சில இடத்தில் எட்டு மடங்கு, ஒன்பது மடங்கு மாறும். இதை விட்டுவிட்டு சம்பளத்தைச் சம்பளத்தோடு தராசில் வைத்தால் கணக்கு எப்போதும் தப்பாகத்தான் வரும்.

நான் தொழிலால் கணக்கர். ஒரு நூற்பாலையில் பல வருடமாகச் சம்பளப் பட்டியல் பார்க்கிறேன். கல்லூரி அணியில் பாயின்ட் கார்டாக ஆடியவன். 2011இல் அணி உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் ஒப்பந்தத் தகராறு முற்றி, என்.பி.ஏ.வில் லாக்-அவுட் வந்து ஆட்டம் நின்றபோதுதான் இந்த ஒப்பந்த விதிகளைப் படிக்க ஆரம்பித்தேன். அன்று முதல் எல்லா அணிகளின் சம்பளத்தையும் ஒரு எக்செல் கோப்பில் வைத்து வருகிறேன். காலை ஆறு மணி ஆட்டம் முடிந்ததும் அந்தக் கோப்பைத் திறப்பது பழக்கமாகிவிட்டது. அதனால் கீழே உள்ளதில் விதிகளும் தொகைகளும் வரும் இடங்களில் உறுதியாகப் பேசுகிறேன். அணிகளின் மனசைப் பற்றிப் பேசும் இடங்களில் அது என் கணிப்பு என்று சொல்லிவிடுகிறேன். தொகைகளைக் கோடியில் தருகிறேன், பத்து மில்லியன் ஒரு கோடி.

2025-26 சீசனுக்கு நாலு கோடுகள் இருக்கின்றன. சாலரி கேப், அதாவது ஒரு அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்த அடிப்படை வரம்பு, 15.46 கோடி டாலர். லக்சரி டாக்ஸ், அதாவது அதிகச் சம்பளத்துக்காக அணி லீகுக்குக் கட்டும் வரி, தொடங்கும் கோடு 18.79 கோடி. முதல் ஏப்ரன் 19.59 கோடி. இரண்டாம் ஏப்ரன் 20.78 கோடி. சாலரி கேப்பைத் தாண்டுவது பெரிய விஷயமே இல்லை, பெரும்பாலான அணிகள் தாண்டித்தான் இருக்கின்றன. வரிக் கோட்டைத் தாண்டினால் பணம் போகும். ஏப்ரன்களைத் தாண்டினால் பணத்தோடு கையும் கட்டப்படும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பணம். ஒரு அணியின் மொத்தச் சம்பளம் 22.5 கோடி என்று வைத்துக்கொள்வோம். செல்டிக்ஸ் அந்தக் கோடையைத் தொடங்கிய இடம் ஏறத்தாழ இந்தப் பக்கம்தான், இரண்டாம் ஏப்ரனுக்கு இரண்டு கோடி அளவுக்கு மேலே. வரிக் கோட்டுக்கு மேல் 3.71 கோடி இருக்கிறது. நம் ஊர் வருமான வரி போலவே இதற்கும் படிக்கட்டு உண்டு. ஒவ்வொரு படியும் 56.85 லட்சம் டாலர். முந்தைய நாலு சீசன்களில் மூன்றில் வரி கட்டிய அணியை 'ரிப்பீட்டர்' என்பார்கள், அதற்கு விகிதம் கூடுதல். 2025-26இல் செல்டிக்ஸ் அந்த நிலைக்கு வந்திருந்தது. ரிப்பீட்டருக்கு முதல் படியில் ஒரு டாலருக்கு 3 டாலர் வரி, அடுத்த படியில் 3.25, மூன்றாவதில் ஒரே தாவாக 5.50, நாலாவதில் 6.75. அதற்கு மேல் படிக்கு அரை டாலர் கூடிக்கொண்டே போகும். நம் உதாரணத்தில் படி படியாகப் போட்டால் 1.71, 1.85, 3.13, 3.84, 4.12, 4.41, கடைசியில் மிச்சமுள்ள 30 லட்சத்துக்கு 8.25 வீதம் 2.47. கூட்டினால் 21.5 கோடி. ஆட்களுக்குக் கொடுக்கும் சம்பளம் 22.5 கோடி, லீகுக்குக் கட்டும் வரி 21.5 கோடி. ரிப்பீட்டர் அல்லாத அணி இதே பட்டியலை வைத்திருந்தால் வரி 14.1 கோடிதான் வந்திருக்கும்.

அந்தக் கடைசிப் படியில் நின்று பாருங்கள். அங்கே ஒரு டாலர் சம்பளத்தைக் குறைத்தால் அந்த டாலரும் மிச்சம், அதன் மேல் விழும் 8.25 டாலர் வரியும் மிச்சம். ஆக ஒன்பதே கால் டாலர்.

இப்போது ஹாலிடேயை எடுத்துக்கொள்வோம். 2025-26இல் அவருக்கு 3.24 கோடி. சைமன்ஸுக்கு 2.77 கோடி. வித்தியாசம் வெறும் 47 லட்சம். மேலே போட்ட படிக்கட்டில் இந்த 47 லட்சத்தை இறக்கினால் வரியில் மட்டும் 3.8 கோடி குறைகிறது. சம்பளத்தையும் சேர்த்தால் 4.2 கோடிக்கு மேல் மிச்சம். அதே 47 லட்சத்தைக் கூடுதலாக ஏற்றுக்கொண்ட போர்ட்லாண்ட் வரிக் கோட்டுக்குக் கீழே இருந்த அணி. அவர்களுக்கு அந்த ஆண்டு அது 47 லட்சமே, அதற்கு மேல் ஒரு காசு இல்லை. இங்கே 4.2 கோடி மதிப்புள்ள பொருளை அங்கே 47 லட்சத்துக்கு வாங்க முடிகிறது. வியாபாரம் படிவது இந்த இடைவெளியில்தான்.

வருடக் கணக்கும் இருக்கிறது. ஹாலிடேக்கு அப்போது 35 வயது, ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று ஆண்டு, மொத்தம் 10.4 கோடி. சைமன்ஸுக்கு 26 வயது, ஒப்பந்தம் 2026 கோடையோடு முடிகிறது. முதலில் பேசியபோது போர்ட்லாண்ட் இரண்டு இரண்டாம் சுற்று பிக்குகளையும் தருவதாக இருந்தது, கடைசியில் அது நீங்கி ஆளுக்கு ஆள் என்று முடிந்தது. பிக் போனாலும் பாஸ்டன் விடாமல் கையெழுத்துப் போட்டது ஏன் என்று கேட்டால், எனக்கு அந்த 4.2 கோடிதான் பதிலாகத் தெரிகிறது. 2025 மே மாதம் நியூயார்க்குக்கு எதிரான பிளே-ஆஃப் ஆட்டத்தில் ஜெய்சன் டேட்டமின் குதிகால் தசைநார் அறுந்த பிறகு, அடுத்த சீசனுக்காக அவ்வளவு வரி கட்டுவதில் அர்த்தம் இல்லாமல் போயிற்று. நியாங்கைப் பாருங்கள், இன்னும் தெளிவாகும். ஜூலையில் வந்தவரை ஆகஸ்டிலேயே யூட்டாவுக்கு அனுப்பினார்கள், அதுவும் இரண்டு இரண்டாம் சுற்று பிக்குகளைச் சேர்த்துக் கொடுத்து. 82 லட்சம் சம்பளத்தை இறக்கிவைக்க பாஸ்டன் கொடுத்த கூலி அது.

அடுத்து, கை கட்டப்படும் கதை. உங்கள் யோசனை முறிந்தது இங்கேதான். இரண்டு வீரர்களின் சம்பளத்தைக் கூட்டிக் காட்டி பெரிய சம்பளக்காரர் ஒருவரை வாங்குவது, டிரேடுக்குப் பிறகும் இரண்டாம் ஏப்ரனுக்கு மேல் நிற்கும் அணிக்குத் தடை. லீகுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையே 2023இல் வந்த ஒப்பந்தம் கொண்டுவந்த விதி இது. முதல் ஏப்ரனுக்கு மேல் நிற்கும் அணிக்கு வேறொரு கட்டு உண்டு. கொடுக்கும் சம்பளத்தைவிட ஒரு டாலர் கூட அதிகமாக வாங்க முடியாது. ஏப்ரனுக்குக் கீழே உள்ள அணிகளுக்கோ தாராளம். நடுத்தரச் சம்பள வீரரைக் கொடுத்து, அவர் சம்பளத்துக்கு மேல் 75 லட்சம் வரை கூடுதலாக எடுக்கலாம் என்று 2023-24இல் தொடங்கினார்கள். சாலரி கேப் ஏற ஏற அந்த 75 லட்சமும் ஏறிக்கொண்டே வருகிறது. ஆக, ஒரே டிரேடில் இரண்டு தரப்புக்கும் இரண்டு வேறு சட்டம். உங்கள் தரப்பில் கூட்டல் சரியாக வருகிறதா என்று மட்டும் பார்த்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

இந்தக் கட்டுகளுக்குள் நின்று ஒரு பெரிய டிரேடை எப்படி முடிப்பது என்பதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் 2024 அக்டோபரில் கார்ல் ஆந்தனி டவுன்ஸ் நியூயார்க் போனது. டவுன்ஸுக்கு அந்த ஆண்டு 4.92 கோடி. மின்னசோட்டா இரண்டாம் ஏப்ரனுக்கு மேல் இருந்தது, ஆனால் அவர்கள் கொடுத்தது ஒரே ஆளை. கூட்டல் தடை அவர்களைத் தொடவே இல்லை. சிக்கல் நியூயார்க் பக்கம். ஜூலியஸ் ராண்டிலுக்குச் சுமார் 2.9 கோடி, டான்டே டிவின்சென்சோவுக்குச் சுமார் 1.14 கோடி, கீட்டா பேட்ஸ்-டியாப்புக்கு 26 லட்சத்துச் சொச்சம். மூவரையும் சேர்த்தாலும் இன்னும் 60 லட்சம் போல இடிக்கிறது. அதற்காக, முந்தைய சீசனைத் தங்கள் அணியில் முடித்திருந்த டாக்வான் ஜெஃப்ரிஸ், சார்லி பிரவுன் ஜூனியர், டுவேன் வாஷிங்டன் ஜூனியர் என்ற மூன்று சின்ன வீரர்களுக்குப் புதிதாக ஒப்பந்தம் போட்டு, கையோடு அவர்களை ஷார்லட்டுக்கு அனுப்பினார்கள். அந்த மூன்று சம்பளம் பள்ளத்தை நிரப்பியது. இப்படி கையெழுத்து வாங்கி அனுப்பும் ஒப்பந்தம் குறைந்தது மூன்று ஆண்டுக்கு இருக்கவேண்டும், ஆனால் முதல் ஆண்டுச் சம்பளத்துக்கு மட்டும் உத்தரவாதம் கொடுத்தால் போதும். எனவே ஷார்லட்டுக்குப் பெரிய சுமை இல்லை, உதவியதற்கு டிராஃப்ட் பிக்குகளும் கிடைத்தன. நியூயார்க் அந்த ஆண்டு முழுக்க இரண்டாம் ஏப்ரனைத் தாண்டமுடியாது என்ற கட்டுக்குள் வந்தது. அதுதான் அவர்கள் கொடுத்த விலை. அந்த வாரம் என் கோப்பில் நியூயார்க் பக்கத்தை எத்தனை முறை அழித்து அழித்து எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. ராண்டில் பெயரும் டிவின்சென்சோ பெயரும் வெளியே வந்துவிட்டன, ஆனால் 60 லட்சம் எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் பிடிபடவில்லை. மூன்று பேரின் பெயர் வந்ததும் அந்தக் கட்டம் டக்கென்று பச்சையாக மாறியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மூன்றாவது அணி என்ற இந்த யோசனையை நீங்கள் பயன்படுத்தவே இல்லை என்பதைக் கவனித்தேன். போர்சிங்கிஸ் டிரேடிலும் அப்படி ஒரு அணி இருந்தது, புரூக்ளின். அட்லாண்டா போர்சிங்கிஸை எடுக்கவேண்டும் என்றால் அவர்கள் பக்கமும் சம்பளம் இறங்கவேண்டும். சாலரி கேப்பில் இடம் காலியாக இருந்த புரூக்ளின் டெரன்ஸ் மானை வாங்கிக்கொண்டது, அதற்குக் கூலியாக அந்த ஆண்டின் 22ஆவது டிராஃப்ட் பிக்கும் சேர்ந்து வந்தது. காலி இடம் வைத்திருக்கும் அணி அந்த இடத்தை வாடகைக்கு விடுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் யோசனையில் ஒரு பக்கம் முட்டுகிறது என்றால், அடுத்த வேலை லீகில் யாரிடம் இடம் இருக்கிறது, அவர்கள் என்ன கேட்பார்கள் என்று தேடுவது.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. வரியைக் கணக்கிடுவது ரெகுலர் சீசனின் கடைசி நாளில் இருக்கும் சம்பளப் பட்டியலை வைத்துத்தான். ஒரு வீரரை பிப்ரவரியில் அனுப்பினால், அதுவரை அவருக்குக் கொடுத்த சம்பளம் கொடுத்ததுதான், திரும்ப வராது. ஆனால் வரிக் கணக்கில் இருந்து அவருடைய முழு ஆண்டுத் தொகையும் மறைந்துவிடும். அதனால்தான் டிரேடு கெடு நாளில், பெயரே கேள்விப்படாத வீரர் ஒருவரும் ஒரு இரண்டாம் சுற்று பிக்கும் கொஞ்சம் பணமும் கைமாறுகிற செய்திகள் வரிசையாக வருகின்றன. வரிக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் அணிக்கு இதில் இரட்டை லாபம். வசூலான வரியில் பாதி, வரி கட்டாத அணிகளுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. கோட்டுக்கு ஒரு டாலர் கீழே இறங்கினாலும் பங்கு கிடைக்கும். நீங்கள் யோசனை எழுதும்போது தேதியையும் போடவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஜூலையில் ஒரு கணக்கு, பிப்ரவரியில் வேறு கணக்கு.

சின்னச் சின்னப் பொறிகளும் உண்டு. சிலர் ஒப்பந்தத்தில் டிரேடு போனஸ் இருக்கும், அதிகபட்சம் 15 சதவீதம், அது வாங்கும் அணியின் கணக்கை ஏற்றிவிடும். 2025 பிப்ரவரியில் லூகா டான்சிச் லேக்கர்ஸ் வந்த டிரேடில் ஆந்தனி டேவிஸ் தன் போனஸை விட்டுக்கொடுத்தார். கோடையில் புதிதாகக் கையெழுத்திட்ட பெரும்பாலானோரை டிசம்பர் 15க்கு முன் அனுப்ப முடியாது. அடுத்தடுத்த இரண்டு வருட முதல் சுற்று பிக்குகளையும் கையில் ஒன்றும் இல்லாமல் போகும்படி கொடுக்கக்கூடாது.

இதுவரை சொன்னதெல்லாம் உறுதியானவை, கூட்டிக் கழித்துச் சரிபார்க்கலாம். இனி வருவது அப்படியல்ல. மருத்துவ அறிக்கை வெளியே இருக்கும் யாருக்கும் கிடைக்காது. போர்சிங்கிஸ் 2025 பிளே-ஆஃபில் உடல்நலக் குறைவோடு ஆடினார் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதற்காக அவர் விலை எவ்வளவு இறங்கியது என்பதை என்னால் ஊகிக்க மட்டுமே முடியும். உரிமையாளர் எவ்வளவு வரி கட்டத் தயார் என்பதும் அப்படியே. அந்த ஆண்டு செல்டிக்ஸ் அணியே பில் சிஸம் தலைமையிலான குழுவுக்கு 610 கோடி டாலர் மதிப்பில் கைமாறியது. புதிதாக வருகிறவர் அந்த வரித் தொகையை எப்படிப் பார்த்தார் என்று நான் சொன்னால் அது கதை. வீரரின் சம்மதமும் இருக்கிறது. ஃபீனிக்ஸில் பிராட்லி பீல் ஒப்பந்தத்தில் டிரேடை மறுக்கும் உரிமை இருந்தது. எக்செல்லில் எத்தனை டிரேடு படிந்தாலும் அவர் சரி என்று சொல்லாமல் ஒன்றும் நகராது. கடைசியில் 2025 ஜூலையில் பைஅவுட் செய்து (ஒரு தொகை பேசி ஒப்பந்தத்தை முடித்து), மிச்சத் தொகையை ஐந்து ஆண்டுக்குப் பரப்பி, ஆண்டுக்குச் சுமார் 1.94 கோடியைத் தங்கள் கணக்கில் ஏற்றுக்கொண்டது அந்த அணி.

வரியை மிச்சம் பிடித்தது நல்லதா என்பது இன்னும் பெரிய சந்தேகம். 2012 அக்டோபரில் ஓக்லஹோமா சிட்டி தண்டர், ஒப்பந்த நீட்டிப்பில் உடன்பாடு வராமல் ஜேம்ஸ் ஹார்டனை ஹூஸ்டனுக்கு அனுப்பியது. வரப்போகும் கடுமையான வரிதான் காரணம் என்று அப்போது பரவலாகப் பேசினார்கள். ஹார்டன் 2018இல் எம்.வி.பி. (சீசனின் சிறந்த வீரர்) ஆனார். அந்த டிரேடில் வந்த பிக் ஒன்றில்தான் ஸ்டீவன் ஆடம்ஸ் கிடைத்தார் என்பதும் உண்மை, ஆனால் ஹார்டனுக்கு அவர் ஈடில்லை என்பது என் கருத்து. ரசிகனாக எனக்கு அது இன்னும் வலிக்கிறது. எனவே எண் சொல்வதால் மட்டும் ஒரு டிரேடை நல்லது என்று நான் சொல்லமாட்டேன். செய்யமுடியுமா, எவ்வளவு மிச்சம் என்ற இரண்டுக்குத்தான் எண்ணிடம் பதில் உண்டு.

சரி, உங்கள் டிரேடுக்கு வருவோம், ஏனென்றால் அது முழுக்க வீண் இல்லை. தடை என்பது டிரேடுக்குப் பிறகு இரண்டாம் ஏப்ரனுக்கு மேல் நிற்கும் அணிக்குத்தான் என்று சொன்னேன் அல்லவா, வழி அதற்குள்ளேயே இருக்கிறது. போர்சிங்கிஸுக்கு 3.07 கோடி, ஹவுஸருக்கு 1 கோடி. இருவரையும் சேர்த்தே கொடுங்கள், ஆனால் திரும்ப எடுப்பதைக் குறையுங்கள். நம் உதாரணத்தின் 22.5 கோடியில் இருந்து 20.78க்கு வரவேண்டும் என்றால் 1.72 கோடி இறங்கவேண்டும். 4.07இல் அதைக் கழித்தால் 2.35. ஆக உங்கள் சென்டரின் சம்பளம் 2.35 கோடிக்குள் இருக்கவேண்டும், அதோடு அந்த ஆண்டு முழுக்க இரண்டாம் ஏப்ரனைத் தாண்டமுடியாத கட்டுக்கும் சம்மதிக்கவேண்டும். ஹாலிடே-சைமன்ஸ் டிரேடை முதலில் முடித்துவிட்டு இதைச் செய்தால் வரம்பு 2.82 கோடியாகத் தளர்கிறது, வரிசை மாறினால் இடம் மாறுகிறது பாருங்கள். 20.78இல் வந்து நின்றால் வரி 21.5 கோடியில் இருந்து 8.6 கோடிக்கு இறங்கியிருக்கும்.

இரண்டு பேர் போய் ஒருவர் வருவதால் காலியாகும் இடத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தில் ஒருவரை எடுக்கவேண்டும், அதையும் 20.78க்குள் அடக்க மறக்காதீர்கள். அந்த வரம்புக்குள் எந்தச் சென்டர், எந்த அணியில் இருந்து என்று பெயர் போட்டு மறுபடி எழுதுங்கள். அந்த அணியின் பக்கத்தை என் கோப்பில் போட்டுப் பார்த்து, அவர்களுக்கு அது கட்டுப்படியாகுமா என்று சொல்கிறேன்.